சும்மாக் கிடக்கிற கார்டு

போன வாரம் கேண்டீன் வாசலில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு நாயக். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். பேச்சுக்குப் பேச்சு வந்து, கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சாப், என் மச்சான் ஒரு கார் வாங்கணும்ங்கறான். என் கார்டுல எடுத்துக் குடுத்துடலாமா? எனக்கு எதுக்கு சாப் கார்? ரெண்டு மாடு இருக்குது, ஒரு எக்ஸ்எல் வண்டி இருக்குது, அது போதும்."

அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "வேணாம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவரைக் காணவில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் வந்துவிட்டேனே என்று இரண்டு நாளாக மனசு அரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் பல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆகவே இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. எழுதி வைக்கிறேன்.

பட்டாளத்தோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். மிலிட்டரி கேண்டீன் என்று ஊரார் சொல்வது சி.எஸ்.டி. என்னும் அரசுத் துறையின் கடை. 1948இல் தொடங்கியது, தலைமையகம் மும்பை. பணியில் இருப்பவர்களுக்கும் எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கும் ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். சோப்பு, பிஸ்கட், ஹார்லிக்ஸ் எல்லாம் அலமாரியிலேயே இருக்கும். கார், பைக், டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றைக் கடையில் அடுக்கி வைக்க முடியாது அல்லவா? அவற்றுக்கு ஆள் கேட்ட பிறகு ஆர்டர் போடுவார்கள். ஏ.எஃப்.டி. சாமான் என்று பெயர். முன்பு இதற்குப் பாரம் எழுதி, டி.டி. எடுத்து, கையெழுத்துக்கு அலைய வேண்டும். 2021 ஜனவரியில் இதற்கென்று ஒரு போர்டல் திறந்தார்கள். இப்போது வீட்டிலிருந்தே செய்யலாம். பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால்.

சலுகை எங்கிருந்து வருகிறது என்பது நம் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. கம்பெனிக்காரன் நம்மேல் பிரியப்பட்டுக் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கம்பெனியும் டீலரும் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது உண்டுதான். ஆனால் பெரிய பங்கு வரியில் வருகிறது. சி.எஸ்.டி. வாங்கும் சரக்குக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யில் பாதியை அரசு திருப்பித் தந்துவிடுகிறது. அந்தப் பாதிதான் நமக்கு விலைக் குறைவாகத் தெரிகிறது. அதாவது நம் மச்சானும் மாமனும், அந்த நாயக் வீட்டுப் பாலை வாங்குகிறவரும், டீக்கடைக்காரரும் கட்டும் வரி இருக்கிறதே, அந்தக் கணக்கில் நமக்காக விட்டுக்கொடுத்தது.

இன்னொன்று. கார் என்பது மாதாமாதம் வாங்கும் சோப்பு இல்லை. 2019இல் வந்த உத்தரவுப்படி ஆபீசருக்கு எட்டு வருஷத்துக்கு ஒரு கார். ஜே.சி.ஓ.வுக்கும் ஜவானுக்கும் பணியில் இருக்கும்போது ஒன்று, ஓய்வு பெற்ற பிறகு ஒன்று. எங்களுக்கு அப்போது 1400 சி.சி. வரைக்கும், ஜி.எஸ்.டி. இல்லாமல் 5 லட்சம் வரைக்கும் என்று வரம்பும் போட்டார்கள். இந்த வரம்பெல்லாம் அவ்வப்போது மாற்றுவார்கள், வாங்கும்போது போர்டலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது, அந்த நாயக்குக்கு மீதி வாழ்நாளுக்கு இருப்பது ஒரு கார். அதைத்தான் மச்சானுக்கு எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

என்னையும் இப்படிக் கேட்டார்கள். கேட்டவர் மச்சான் இல்லை, மாப்பிள்ளை.

2022 ஆடி மாதம். மகளும் மாப்பிள்ளையும் ஓசூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "மாமா, நீங்க எப்படியும் கார் வாங்கப் போறதில்ல. உங்க கார்டு சும்மாதானே கெடக்குது. உங்க பேர்ல எடுத்துட்டா அம்பது அறுபதாயிரம் மிச்சம். பணம் மொத்தம் நானே கட்டிடறேன்."

சும்மாதானே கிடக்கிறது. நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது 65 வயது, கார் வாங்கும் யோசனையும் இல்லை. மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் இல்லை என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது? உள்ளே என் மனைவி பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அவளும் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

நான் ஏதோ யோக்கியன் என்று பெருமையடிக்க இதை எழுதவில்லை. வீடு கட்டும்போது மேஸ்திரிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் எத்தனை ரம் பாட்டில் என் கோட்டாவிலிருந்து போயிற்று என்று கணக்கெடுத்தால் வெட்கக்கேடு. மிலிட்டரி சரக்கு என்றால் ஊரில் அதற்கு ஒரு தனி மதிப்பு. நாங்களும் அந்த மதிப்பில் குளிர் காய்ந்தவர்கள்தான். அதைச் சொன்னால் மாப்பிள்ளை உடனே கேட்பார், "அதுக்கு மட்டும் சட்டம் இல்லையா மாமா?" என்று. பதில் கிடையாது. ஆகவே சட்டத்தையும் வரியையும் நான் அன்று எடுக்கவே இல்லை. என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு விஷயம், என் நண்பர் ஒருவருடைய கேஸ்.

அவர் என் பேட்ச் இல்லை, ஆனால் ஒரே யூனிட்டில் ஐந்து வருஷம் இருந்தோம். ஹவில்தாராக வந்தவர். 2015இல் தங்கை மகனுக்காகத் தன் கார்டில் ஒரு கார் எடுத்துக் கொடுத்தார். கேண்டீனில் எடுக்கும் கார் கார்டுக்காரர் பெயரில்தான் பதிவாகும், வேறு வழி இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் இவர் பெயர், இவர் விலாசம். வண்டி பையனிடம். ஒரு வருஷம் கழித்துப் பையனுக்குப் பண முடை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை இன்னொருவருக்கு விற்றுவிட்டான். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாரம் 29, பாரம் 30 என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் அல்லவா? அதுவும் நடக்கவில்லை. வாங்கியவர் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கவில்லை. 2017இல் அந்த வண்டி, சைக்கிளில் பால் கொண்டுபோன ஒருவரை இடித்தது. கால் முறிவு, இரண்டு ஆபரேஷன்.

விபத்து நஷ்டஈட்டு வழக்கில் முதல் நோட்டீஸ் யாருக்கு வந்தது? என் நண்பருக்கு. அவர் அந்த வண்டியில் மொத்தமாக இரண்டு தடவைதான் ஏறியிருப்பார். டெலிவரி எடுத்த அன்று ஒன்று, பூஜை போட்ட அன்று ஒன்று.

வக்கீலிடம் நானும் கூடப் போனேன். "நான் ஓட்டலை, வித்தது எனக்குத் தெரியாது, வாங்கினவன் யாருன்னே தெரியாது" என்று நண்பர் சொல்லச் சொல்ல, வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஆர்.சி. யார் பேர்ல இருக்குது?" மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான். கைமாறியதைப் பதிவு செய்யாவிட்டால், எத்தனை கை மாறியிருந்தாலும் புத்தகத்தில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் கேஸ் நடந்துகொண்டிருந்தபோதே அந்தத் தீர்ப்பு வந்தது. வக்கீல் அதை எங்களிடம் காட்டினார், மருத்துவர் எக்ஸ்ரே காட்டுவது மாதிரி.

"பென்ஷனை ஜப்தி பண்ண முடியாது, பயப்படாதீங்க" என்று ஆறுதலும் சொன்னார். பென்ஷனை முடியாது. நண்பர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய மனையை முடியும்.

எனக்கு மறக்காதது வேறு. ஒரு வாய்தாவுக்கு அந்தப் பால்காரர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். நண்பர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, "எதுக்குடா நான் பொறுப்பில்லன்னு வாதாடறேன்? அந்தாளுக்கு யாராவது குடுக்கணும்தானே" என்றார். கடைசியில் இவர்தான் கொடுத்தார். மனை போயிற்று. தங்கை வீட்டோடு பேச்சுவார்த்தையும் போயிற்று. மருமகன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான்.

2018 செப்டம்பர் முதல் புதுக் கார் எடுக்கும்போதே மூன்று வருஷத்துக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டியாக வேண்டும் என்று வந்துவிட்டதால் இந்த ஆபத்து இப்போது கொஞ்சம் குறைவு. நாலாவது வருஷம் யார் கட்டுவார்கள்? வண்டி வைத்திருப்பவர். கட்டினாரா என்று யார் கேட்பது? பெயர் வைத்திருப்பவர். மச்சானிடம் போய் இன்ஷூரன்ஸ் ரசீதைக் காட்டு என்று வருஷா வருஷம் கேட்க முடியுமா?

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், "என்னை அந்தப் பையன் மாதிரி நெனச்சிட்டீங்களா" என்று ஆகிவிடும். "மாப்பிள்ளை, இது சரிவராது, வேற எது கேட்டாலும் செய்யறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போனைப் பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் கிளம்புவதாக இருந்தவர்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. "ஒரு கார்டுக்காகவா?" என்று என் மனைவி கேட்டாள். ஒரே தடவைதான் கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் காபியை மேஜையில் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டுப் போவாள்.

கணக்குப் பார்ப்போமே, எதற்காக இத்தனை மனஸ்தாபம் என்று. வரிக்கு முந்தின விலை 4 லட்சம் உள்ள ஒரு சின்ன பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஜி.எஸ்.டி. 28 சதவீதம், 1,12,000 ரூபாய். செஸ் என்று இன்னொரு சதவீதம் உண்டு, அதை விட்டுவிடுகிறேன். வெளியில் விலை 5,12,000. கேண்டீனில் பாதி வரி, ஆக 4,56,000. வித்தியாசம் 56,000. மாப்பிள்ளை சொன்ன அம்பது அறுபதாயிரம் சரிதான்.

ஆனால் வெளியில் வாங்குபவர் அந்த 5,12,000ஐ அப்படியே கட்டுவதில்லை. டிசம்பர் வந்தால் டீலருக்கு அந்த வருஷத்து வண்டியைத் தள்ளியாக வேண்டும். தள்ளுபடி, பழைய வண்டி கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ், கம்பெனி ஊழியர் என்றால் அதற்கு ஒன்று என்று அடுக்குவார்கள். கேண்டீன்காரர் போய் அதையும் கேட்டால், "சார், உங்களுக்குத்தான் ஏற்கனவே குறைச்சல் விலை ஆச்சே" என்பார்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை அந்த டிசம்பரில் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வெளியிலேயே வாங்கினார். மகள் சொன்ன தொகையை வைத்து நான் ரகசியமாகக் கணக்குப் போட்டேன். கேண்டீன் விலையைவிட 19,000 சொச்சம்தான் கூடுதல். எங்கள் வீட்டுத் தீபாவளியின் விலை அது.

அதற்கு அடுத்த வருஷம் நானே கார் வாங்கும்படி ஆயிற்று. மனைவிக்கு முழங்கால். பஸ் படி ஏற முடியவில்லை. ஆட்டோக்காரரை ஒவ்வொரு தடவையும் காத்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சும்மாக் கிடந்த கார்டை அப்போது எடுத்தேன். அன்று மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் அது என்னிடம் இருந்திருக்காது.

வாங்கிய அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். ஷோரூமில் முதலில் ஜூஸ் கொடுத்தார்கள். கேண்டீன் என்றதும் விற்பனைப் பையன் முகம் கொஞ்சம் வாடியது. அவனுக்கு அதில் கமிஷன் குறைவாக இருக்குமோ என்னவோ. வண்டி இருப்பில் இருக்கிறது என்று ஒரு சான்று தருவார்கள். அதையும் கார்டு, பான், ஆதார், பி.பி.ஓ. எல்லாவற்றையும் போர்டலில் ஏற்ற வேண்டும். அனுமதி வந்ததும் பணத்தைக் கட்டுகிறோம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், பணம் டீலரிடம் போவதில்லை, சி.எஸ்.டி.க்குப் போகிறது. அங்கிருந்து டீலருக்கு எல்.எஸ்.ஓ. என்று ஒரு சப்ளை ஆர்டர் வரும். அதன் பிறகு வண்டியைக் கொடுக்கத்தான் வேண்டும். பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவனுக்கு இது ஐம்பத்தாறாயிரத்தைவிடப் பெரிய சலுகை. விலை அச்சடித்த விலை. சிரிக்கவும் வேண்டாம், எழுந்து போகிற மாதிரி நடிக்கவும் வேண்டாம்.

ஆனால் கேண்டீன் விலை என்பது வண்டிக்கு மட்டும். சாலை வரி நம் கைக்காசு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் அதையும் உயர்த்தினார்கள், 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். இன்ஷூரன்ஸ் தனி. விட்ட காசை டீலர் பிடிப்பது இங்கேதான். எனக்கு நீட்டிய தாளில் இன்ஷூரன்ஸ் அவர்கள் சொன்ன கம்பெனியில், அவர்கள் சொன்ன தொகைக்கு. சீட் கவர், மேட், பெயின்ட் பாலிஷ் என்று ஒரு மூட்டை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்று இன்னொன்று. "இது எதுக்கு தம்பி?" என்றேன். "எல்லாரும் கட்றாங்க சார்" என்றான். இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவனிடம் எல்லோரும் செய்கிறார்கள் என்றால் பயந்து செய்துவிடுவான் என்று நினைத்தான் போலிருக்கிறது. இன்ஷூரன்ஸை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குபவர் இஷ்டம், டீலர் கட்டாயப்படுத்த முடியாது. பேரன் போனிலேயே மூன்று கம்பெனிகளின் விலையைப் பார்த்துச் சொன்னான். அதில் ஒன்றை எடுத்தேன். ஹேண்ட்லிங்கை அடித்துவிட்டார்கள். மேட் மட்டும் வாங்கினேன், செம்மண் தெரு.

இப்போது அந்த நாயக்குக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. செஸ்ஸும் இல்லை. நான் சொன்ன அதே 4 லட்சம் கார் இப்போது வெளியில் 4,72,000. கேண்டீனில் 4,36,000. வித்தியாசம் 36,000. அன்று கேண்டீனில் 4,56,000. இன்று யார் வேண்டுமானாலும் அதற்கு மேல் 16,000 போட்டு அதே காரை வாங்கிவிடலாம். டிசம்பர் தள்ளுபடி வந்தால் அந்த 36,000த்திலும் பாதி காணாமல் போகும். மச்சானுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். உங்களைக் கேட்டு அவர் மிச்சம் பிடிப்பது எவ்வளவு, நீங்கள் கொடுப்பது எவ்வளவு என்று அவருக்கே புரியலாம். புரியாவிட்டாலும் மறுத்துவிடுங்கள். ஒரு தீபாவளி போகும். மனை போகாது.

மாப்பிள்ளை மறு வருஷம் பொங்கலுக்கு வந்துவிட்டார். என் கார் வந்த பிறகு அதை முதலில் நன்றாக ஓட்டிப் பார்த்தவரும் அவர்தான். எனக்கு ரிவர்ஸ் எடுக்கப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அந்த ஆடி மாதத்துப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. இந்தத் தையில் வந்தபோது கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டே, "மாமா, கேண்டீன்ல ஃபிரிட்ஜ் என்ன வெல?" என்று கேட்டார். நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. என் மனைவி அடுப்படி ஜன்னலில் வந்து நின்றாள்.

அடுத்த வாரம் போர்டலில் பணம் கட்டினேன். என் காசு, பொங்கல் சீர் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஃபிரிட்ஜ் தெருவில் ஓடி யாரையும் இடிக்காது.